எலப்புள்ளியில் நின்றுபோனது

வேலந்தாவளத்திலிருந்து பாலக்காட்டுக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர் நான். எங்கள் லைனில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நேரம் உண்டு. முன்னால் ஒரு பஸ் போகும், பின்னால் ஒரு பஸ் துரத்தும். நடுவில் டிரைவருக்கு ஒண்ணுக்கு வரும் என்று யாரும் நேரம் ஒதுக்கி வைக்கவில்லை. முப்பது வருடமாக எனக்கும் அது தேவைப்படவில்லை.

ஐம்பத்தைந்து தாண்டியதும் தேவைப்பட்டது. கொழிஞ்சாம்பாறை வருவதற்குள் அடிவயிறு கூப்பிடும். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டி இறங்குவேன். இறங்கி நின்றால் வராது. வந்தால் நூல் மாதிரி வரும். முடிந்துவிட்டது என்று திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்த பிறகு, முடியவில்லை என்று தெரியும்.

எங்கள் கண்டக்டர் விவரமானவர். "ஏன் நிறுத்தீருக்குது?" என்று யாராவது கேட்டால், "அண்ணன் டயர்ல காத்து பாக்கறாருங்க" என்பார். கொஞ்ச நாள் அது போதுமானதாக இருந்தது. தினமும் வேலைக்கு வரும் பெண்களில் ஒருவர் ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "டயர் இந்தப் பக்கம் இருக்குது, அவுரு பனைமரத்தப் பாத்து நிக்கறாரே" என்றார். அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை. நான் இறங்கியதும் எல்லோரும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அது கேள்வியைவிடக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் மனைவி இதைச் சர்க்கரை வியாதி என்று முடிவு செய்திருந்தாள்.

"ஏனுங்க, ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியுதுங்களா? ஒருவாட்டி டெஸ்ட் பண்ணிப் பாத்தரலாமுங்க."

டெஸ்ட் பண்ணினோம். சர்க்கரை இல்லை. வேறு என்னவென்று கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் சர்க்கரை இல்லை என்ற சந்தோஷத்தில் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டில் உள்ளவர்கள் எல்லாம் உடம்புச் சூடு என்றார்கள். இளநீர் குடித்தேன், வெந்தயம் ஊற வைத்துத் தின்றேன். எதிலும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். பாலக்காட்டு வெயிலில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் செய்யக்கூடாத காரியம் அது என்று டாக்டர் பிறகு சொன்னார். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அந்த மாசி மாதம் எனக்குச் சளி பிடித்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். மூக்கு நின்றது. மறுநாள் காலையில் மற்றதும் நின்றுவிட்டது.

விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு இல்லை. வண்டியை எடுத்தேன். கொழிஞ்சாம்பாறையில் இறங்கிப் பார்த்தேன், இல்லை. எலப்புள்ளி வருவதற்குள் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. சட்டை முழுக்க வேர்வை. ஒரு மதில் பின்னால் போய் நின்றேன். நின்றதுதான் மிச்சம். திரும்பி வந்து சீட்டில் ஏறிக் கிளட்சை மிதிக்கப் போனபோது கால் எழும்பவில்லை. ஸ்டியரிங் மேல் தலையை வைத்துவிட்டேன்.

கண்டக்டர் ஓடிவந்தார். "என்னாச்சுங்ணா? நெஞ்சு வலிக்குதுங்களா?"

"நெஞ்சு இல்லடா. கீழ."

"கீழன்னா?"

"ஒண்ணுக்கு வரமாட்டேங்குது."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எஞ்சின் ஆஃபில் இருந்தது. பஸ் முழுக்கக் கேட்டது.

முன்சீட்டில் இருந்த ஒரு நடுத்தர வயது அம்மா எழுந்தார். "எங்க மாமனாருக்கும் இப்பிடித்தானுங்க ஆச்சு. ட்யூப் போட்டா செரியாயிரும். தாமசிச்சா கிட்னிக்குப் போயிரும். ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோலச் சொன்னார். லேடீஸ் சீட்டைக் காலி செய்து என்னைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். ஆம்புலன்ஸ் எங்கிருந்து வந்தாலும் இந்த ரோட்டில்தானே வரவேண்டும், நாமே போய்விடலாம் என்று இன்னொருவர் சொன்னார். கண்டக்டர் உரக்கக் கேட்டார்: "ஹெவி லைசன்ஸ் யாருகிட்டயாச்சும் இருக்குதுங்களா?"

பின்சீட்டிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். முதலமடையில் மாங்காய் லோடு ஓட்டுகிறவர். அவர் வந்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தனக்குத் தகுந்தபடி திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார். என் சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வலியிலும் அவர் கியர் மாற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். செகண்டில் கொஞ்சம் அதிகம் இழுத்தார்.

எலப்புள்ளிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று முப்பது வருடம் ஓட்டிய எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பஸ்ஸே சேர்ந்து கத்தியது: "மெல்ல, மெல்ல, மெல்ல!"

"மாம்பழ லோடு மாதிரித்தானுங்க ஓட்டறேன்" என்றார் அவர், திரும்பாமல்.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து எங்களை முந்திக்கொண்டு போனது. கண்டக்டர் ஜன்னலில் தொங்கி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். நடுவில் ஏறிய ஒருவர், ஏன் டிரைவர் லேடீஸ் சீட்டில் படுத்திருக்கிறார் என்று கேட்டார். நாலைந்து பேர் ஒரே சமயத்தில் விளக்கினார்கள். அவருக்கு டிக்கெட்டும் கிழிக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பஸ் போனது. இறங்கவேண்டிய இடத்தில் யாரும் இறங்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு ஆண் நர்ஸ் ட்யூப் போட்டார். போடும்போது எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை. போட்டு முடித்த பிறகு எப்படி இருந்தது என்று எழுத முடியாது. அழுதேன். நர்ஸ், "வேதனயுண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார். வலி போனதால்தான் அழுகிறேன் என்று சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, ட்யூபில் மாட்டியிருந்த பையை மாற்றினார்.

டாக்டர் என் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கும் ஒரு பெண். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார்.

"சேட்டா, எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா இருக்குதுங்க டாக்டர்."

"ரெண்டு வருஷம் யாரிட்டயும் பறஞ்ஞில்லே, சொல்லலையா?"

"பஸ்ல எல்லாருக்கும் தெரியுமுங்க."

அவர் சிரிக்கவில்லை. மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, வழியைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கும், வயதாக ஆகப் பல ஆண்களுக்கு அது வீங்கும், வீங்கினால் வழியை நெருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். ஏற்கனவே நெருக்கமாக இருந்த வழியை அந்தச் சளி மாத்திரை முழுசாக இறுக்கிவிட்டிருந்தது. விரல் வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். எங்கே என்று கேட்டேன். சொன்னார். நோய் முன்பக்கம்தானே என்றேன். சுரப்பியைத் தொட்டுப் பார்க்க வழி பின்பக்கம் என்றார். ஒருக்களித்துப் படுத்துச் சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

கொஞ்ச நாள் ட்யூபும் பையும் இருக்கட்டும், மாத்திரை சாப்பிடுங்கள், பிறகு ட்யூபை எடுத்துப் பார்ப்போம், தானாக வரவில்லையென்றால் ஆபரேஷன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

பையன் வீட்டாரும் முதலமடைப் பக்கம்தான், மாந்தோப்பும் மாங்காய் வியாபாரமும் உள்ளவர்கள். நாள் பார்த்துச் சொல்லியாகிவிட்டது. தள்ளிப்போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்னன்னு சொல்லித் தள்ளிப்போடறதுங்க? காரணம் கேப்பாங்கல்ல?"

மகள் ஒரு யோசனை சொன்னாள். கால் சுளுக்கு. எழுந்து நின்று வரவேற்க வேண்டாம், நடக்க வேண்டாம், நாற்காலியிலேயே இருக்கலாம். நம்பும்படி இருக்க வேண்டும் என்று கணுக்காலில் ஒரு கட்டும் போட்டுவிட்டாள். ட்யூபின் நுனியில் இருந்த பையை ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பைக்குள் வைத்து நாற்காலிக் காலில் மாட்டி, மேலே வேட்டியை இழுத்துவிட்டாள் மனைவி. நன்றாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பட்டுப்புடவை வாங்கி வைத்திருப்பதுபோலத் தெரியும்.

அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா அறுபது வயதிருக்கும் உயரமான மனிதர், அதிகம் பேசாதவர். என் காலைப் பார்த்து, "எப்பிடிங்க ஆச்சு?" என்றார். பஸ் படியில் இறங்கும்போது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பலகாரம் வந்தது. அவர் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு, தென்னைமரம் பார்க்கிறேன் என்று வெளியே போனார். வந்து உட்கார்ந்தார். மகள் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவர் கிணற்றைப் பார்க்கிறேன் என்று எழுந்தார். வந்தார். பையன் வேலை பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, "மாட்டுக் கொட்டாய் பின்னாலங்களா?" என்று கேட்டார்.

எங்களிடம் மாடு கிடையாது.

இந்த நடையும் இந்த முகமும் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் தோள் குடுங்க, நானும் காத்தாட வர்றேன்" என்று சொல்லி, துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையைக் கவனிக்காததுபோல அவரோடு பின்பக்கம் போனேன்.

அவர் முருங்கை மரத்தைப் பார்த்து நின்றார். நான் வாழையைப் பார்த்து நின்றேன். வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்தவர் என் கையைப் பார்த்தார். "அதென்னுங்க பையில?"

இவ்வளவு தூரம் வந்த பிறகு பொய் சொல்லத் தோன்றவில்லை. "மூத்திரமுங்க."

"கால் சுளுக்குன்னு சொன்னீங்க?"

"கால் நல்லாத்தானுங்க இருக்குது. அதுதான் சுளுக்கிக்கிச்சு."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தார். எலப்புள்ளியில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் பேச ஆரம்பித்தார். அதுவரை வீட்டுக்குள் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறதாம். கோயம்புத்தூர் போவதென்றால் வழியில் நிற்க வேண்டியிருக்குமே என்று கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டாராம். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாந்தோப்பில் இருக்கும்வரை மரத்துக்குப் பஞ்சமில்லை என்றார்.

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"என்னன்னு சொல்றதுங்க?"

"என்கூட வாங்க. நான் சொல்றேன்."

கல்லிலிருந்து எழுந்து, செரி என்றார். கையைக் கொடுத்தார். இரண்டு பேரும் உள்ளே வந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. நாங்கள் நகையைப் பற்றி ஏதோ தனியாகப் பேசப் போயிருக்கிறோம் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

"பேசி முடிச்சாச்சுங்களா?" என்று அவர் மனைவி பயந்துகொண்டே கேட்டார்.

"முடிச்சாச்சு" என்றார் அவர்.

கைதட்டினார்கள். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளும் பையனும் ஏற்கனவே ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் அந்தச் சம்பந்தம் முடிவானது.

ட்யூபை எடுத்துப் பார்த்தார்கள். எனக்குத் தானாக வரவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் டாக்டர் என்னையும் மனைவியையும் உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னார். வெளியே கீறல் எதுவும் இருக்காது, மூத்திர வழியாகவே கருவியை விட்டு வீக்கத்தைச் செதுக்கி எடுத்துவிடுவோம். தாம்பத்தியத்துக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் விந்து வெளியே வராமல் பின்னால் போய்விடும், மூத்திரத்தோடு சேர்ந்து போகும். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. "இனி குழந்தை வேணும்னு ஏதாவது பிளான் உண்டோ?" என்று கேட்டார். அது அவர் கேட்டாக வேண்டிய கேள்வி.

நான் தரையைப் பார்த்தேன். மனைவி கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்துவிட்டு, "மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோமுங்க டாக்டர். இந்த வருசம் முடியாதுங்க" என்றாள்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். இந்த மாதிரி விஷயம் நாங்கள் இரண்டு பேரும் முப்பது வருடத்தில் வெளிச்சத்தில் பேசியதில்லை. "உனக்கொண்ணும் வருத்தமில்லையே?" என்று கேட்டேன். "நீங்க ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்கினாப் போதுமுங்க. நானும் தூங்குவேன்" என்றாள். என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெறும் வீக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று வந்தது.

சம்பந்தி என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாக்கு நல்லதாக அமைந்தது. அப்படியே அவரை டாக்டர் அறைக்குள் தள்ளிவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எடுத்த அதே பரிசோதனைதான் என்பதால் ஒன்றும் இருக்காது, மாத்திரை கொடுப்பார்கள் என்று அவரிடம் தைரியமாகச் சொன்னேன். ரத்தத்தில் ஒரு அளவு கூடுதலாக இருந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கு வீக்கமும் இருந்தது, அதன் ஓரத்தில் புற்றுநோயும் இருந்தது.

அவர் முதலில் என்னிடம்தான் சொன்னார். என் வீட்டுக்கு வந்து, அதே துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

"சின்னதாத்தான் இருக்குதாமா. வெளிய பரவலையாமா. ஆபரேஷன் பண்ணி எடுத்தரலாம்கறாங்க."

பஸ்ஸே சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் அளவுக்கு ஆர்ப்பாட்டம் செய்தது என் உடம்பு. சத்தமில்லாமல் மரத்தடிக்குப் போய் வந்த மனிதருக்குத்தான் அது இருந்திருக்கிறது.

"ஊட்ல சொல்லலீங்க. கல்யாணம் முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

"அது வேண்டாமுங்க சம்பந்தி. இன்னிக்கே பையனுக்குச் சொல்லோணும். நானும் வர்றேன்."

போனோம். சொன்னோம். அவர் மனைவி அழுதார், பையன் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். எங்கள் தரப்பில் என் அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டாள். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் இப்படி வந்திருக்கிறது, இன்னொரு தரம் யோசிக்க வேண்டாமா என்று ஆரம்பித்தாள்.

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "நான் கட்டிக்கப் போறது அவரு பையனங்க அத்த. அவர இல்ல."

அக்கா காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்தைக் குறித்த நாளுக்கு முன்னதாகவே வைத்து, கொழிஞ்சாம்பாறையில் ஒரு மண்டபத்தில் சுருக்கமாக நடத்தினோம். மண்டபம் பார்க்கப் போனபோது நானும் சம்பந்தியும் முதலில் பார்த்தது கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான். மண்டபக்காரர் மேடையைக் காட்ட எவ்வளவோ முயற்சி செய்தார்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் அவருக்கு ஆபரேஷன். முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார்கள். ஆனால் கொஞ்ச மாதத்துக்கு மூத்திரம் அடக்க முடியாமல் கசியும், பேடு வைத்துக்கொள்ள வேண்டும், அடிப்பகுதித் தசையை இறுக்கிப் பழக வேண்டும் என்றார்கள். வராமல் தவித்த மனிதர் இப்போது நிற்காமல் தவித்தார். கடையில் போய்ப் பேடு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நான் வாங்கிக்கொண்டு போவேன். கடைக்காரர் அதைக் கறுப்பு கவரில் போட்டுச் சுற்றிக் கொடுப்பார்.

ஒருநாள் அவர் தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஏதோ கணக்குப் போடுவதுபோல இறுகி இருந்தது.

"என்னுங்க, யோசனை?"

"யோசனை இல்லீங்க. எக்சசைஸ் பண்றேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இறுக்கி, விட்டு, இறுக்கி முடித்தபின் பேசினார். மற்ற விஷயமும் முன்னைப்போல இல்லை, டாக்டர் மாத்திரை தந்திருக்கிறார், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றிருக்கிறார் என்றார். மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா ஒண்ணுங்க. இப்ப எங்கூட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். முன்ன சொன்னதில்ல." ஒரு மாங்காயை அறுத்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றோம்.

கசிவு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. ரத்தப் பரிசோதனை நன்றாக வருகிறது. இந்த மாங்காய் சீசனில் அவரே கொட்டகையில் நின்று லோடு ஏற்றினார். அங்கே ஐம்பது தாண்டிய ஆட்கள் யாரும் இப்போது அவர் கண்ணில் படும்படி மரத்தடிக்குப் போவதில்லை. போனால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், திரும்பி வந்ததும் எப்படிப் போகிறது என்று கேட்கிறார். போன மாதம் எடை போடும் ஆள் ஒருவரைப் பிடித்து, சொல்லச் சொல்லக் கேட்காமல் பாலக்காட்டுக்கு டாக்டரிடம் அனுப்பிவைத்தார். அந்த ஆளுக்கு ஒன்றும் இல்லையாம். அன்றைக்கு மோர் கொஞ்சம் அதிகமாகக் குடித்திருக்கிறார்.